காரணம் எழுதாமல் நிறம் தெரியாது

நுண்விழி நிறுவனத்தின் டாஷ்போர்டில் மொத்தம் அறுபத்திரண்டு வரைபடங்கள் இருந்தன. அவற்றில் அறுபத்தொன்றை எந்த ஆசிரியரும் பார்ப்பதில்லை என்பதைக் காட்டியது அறுபத்திரண்டாவது வரைபடம். அதையும் யாரும் பார்க்கவில்லை.

இளம்பரிதி மட்டும் பார்த்தான். பார்ப்பது அவன் வேலை. அவனுடைய மேசைப் பெயர்ப்பலகையில் ‘முதன்மை அனுபவச் சிற்பி’ என்று பொறித்திருந்தார்கள். பத்து வருடமாக அந்தச் சிற்பி செதுக்கியதெல்லாம் பொத்தான்கள். வட்டப் பொத்தானைச் சதுரமாக்குவான். அடுத்த வருடம் சதுரத்தை வட்டமாக்குவான். இரண்டு முறையும் கைதட்டுவார்கள்.

கைதட்டலைத் தொடங்கி வைப்பவர் நிறுவனர் நிரஞ்சன். “நாம் மென்பொருள் விற்கவில்லை. ஆசிரியருக்கு ஆறாவது புலனை வழங்குகிறோம்” என்று அவர் காலைக் கூட்டத்தில் சொல்வார், லிப்டில் சொல்வார், டீ கொண்டுவருபவரிடமும் சொல்லியிருக்கிறார். டீக்காரர் பதிலுக்கு, “சர்க்கரை போடவா சார்?” என்று கேட்டாராம்.

ஆனால் நிறுவனத்தின் சரக்கு லேசுப்பட்டதல்ல. 2039இல் நாலு பள்ளிகளில் முன்னோட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாணவர் முன்னாலும் ஒரு மின்சிலேட்டு. பேனா எங்கே அழுந்துகிறது, எங்கே தயங்குகிறது, எத்தனை நொடியில் விடை வருகிறது என்று எல்லாவற்றையும் அது படித்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறுமா தேறாதா என்பதை ஒன்பதிலேயே சொல்லிவிடும். பச்சை என்றால் தேறும். மஞ்சள் என்றால் பார்க்கலாம். சிவப்பு என்றால் தேறாது.

“துல்லியம் தொண்ணூற்றிரண்டு புள்ளி எட்டு” என்றார் நிரஞ்சன், யாரோ இறந்துவிட்டதைப் போல. “ஆயிரம் பள்ளிகளுக்கான டெண்டருக்குத் தொண்ணூற்றைந்து வேண்டும். மூன்று பள்ளிகளில் கணிப்பு பிசகவே இல்லை. நாலாவது பள்ளியில் ஒரே ஒரு வகுப்பு, ஒன்பது பி, மொத்தத்தையும் கெடுக்கிறது. போன முறை அங்கே பதினொரு சிவப்பு. அதில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள்.”

“தேறிவிட்டார்கள் என்றால் நல்ல செய்திதானே சார்?”

“அவர்களுக்கு. நமக்கு அது பிழை.”

“மூன்று பள்ளிகளில் எப்படி பிசகவே இல்லை?”

நிரஞ்சன் பெருந்தன்மையாக விளக்கினார். சிவப்பு விழுந்த பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிகள் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகின்றன. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டாமா? அனுப்பப்பட்ட பிள்ளை அந்தப் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லை என்றால் தேறவில்லை என்று பொருள். ஆக, கணிப்பு சரி.

இளம்பரிதி இதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். இரண்டு முறையும் சரியாகத்தான் வந்தது. அதுதான் இடித்தது.

“டாஷ்போர்டைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் போ” என்றார் நிரஞ்சன். “அந்த வகுப்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து வா. திங்கட்கிழமை புதிய பதிப்பு வெளியாகிறது.”

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையை விட்டு விலகி இருந்தது அந்தப் பள்ளி. புதன்கிழமை காலை தலைமை ஆசிரியர் பால்துரை வாசலுக்கே வந்து, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்து, சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு விருந்தினர் வருகிறாராம்.

“நம்ம ஸ்டாப் எல்லாரும் டாஷ்போர்டுலயே மூழ்கிக் கிடக்காங்க சார்” என்றபடி ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனார்.

டாஷ்போர்டு தினமும் ஒரு மணி நேரமாவது பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அறையில் பதினாலு டேப்லெட்டுகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. முன்னால் யாரும் இல்லை. தமிழாசிரியர் செந்தூர்பாண்டியின் டேப்லெட் மட்டும் மேசை விசிறிக்கு எதிரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விசிறியின் கம்பியில் ஒரு ஈரக் கைக்குட்டை. விசிறி தலையைத் திருப்பும்போதெல்லாம் கைக்குட்டை திரையைத் தடவிவிட்டுப் போகும். வரைபடங்கள் மேலும் கீழும் நகரும்.

செந்தூர்பாண்டி உள்ளே வந்தார். பால்துரையையும் விருந்தாளியையும் பார்த்தார். பதறவில்லை. கைக்குட்டையை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து மறுபடி கட்டினார். “காஞ்சா வேலை செய்யாது” என்று தகவல் சொன்னார்.

இளம்பரிதிக்கு அவரை நினைவிருந்தது. ‘மாதத்தின் ஆழ்நோக்கு ஆசிரியர்’ விருதை இரண்டு முறை வாங்கியவர். அந்த விருதுக்கான சான்றிதழை வடிவமைத்தது இளம்பரிதிதான்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார்” என்றார் பால்துரை. “எதைப் பாக்கணும்னு தெரியல. எல்லாம் கலர் கலரா ஆடுது. ஆனா அந்தச் சிவப்பு மட்டும் தெளிவா இருக்கு. தாளாளர் அதை மட்டும்தான் கேப்பாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் லிஸ்ட்டு அவர் கையில இருக்கணும். இந்த வருசம் நாலு பேரு. நாலும் ஒன்பது பி.”

“அந்த வகுப்புக்கு யார் சார்?”

பால்துரையின் முகத்தில் பெருமையும் தலைவலியும் ஒன்றாக வந்தன. “சண்முகவடிவு டீச்சர். கணக்கு. ஒன்பதுல எடுத்த பிள்ளைகளப் பத்துக்கும் அவுகளே கூட்டிட்டுப் போவாக. போன தடவை பதினொரு சிவப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்துட்டாக. ‘இவன் பெயிலானா இதுல தேதி போட்டுக்கங்க’ன்னு. பதினொன்னு சார்! இந்தா, இந்த டிராயர்லதான் கிடக்கு.”

“ரெண்டு பேர் பெயிலாச்சே?”

“ஆச்சு. தேதி போட்டா கணக்கு யாரு எடுக்கிறது? நானா?” பால்துரை டிராயரை மூடினார். “இந்த வருசம் தாளாளர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. கடிதமெல்லாம் வாங்கக் கூடாது. டாஷ்போர்டு சொன்னா சொன்னதுதான்.”

இளம்பரிதி ஊருக்கு வருமுன்னரே ஒன்றைக் குறித்து வைத்திருந்தான். அந்த அறுபத்திரண்டாவது வரைபடத்தில் சண்முகவடிவு என்ற பெயருக்கு நேரே அறுபத்தொரு பூஜ்யங்கள். கடைசியில் ஒரு வரி: ‘பெயரில்லாத பக்கம் – தினமும் இரண்டு மணி நேரம்.’

நிறுவனத்தின் செயலியில் பெயரில்லாத பக்கம் எதுவும் கிடையாது. நிரஞ்சன் கழிவறைக் கதவுக்கே ஒரு பெயர் வைத்திருந்தார்.

சண்முகவடிவு டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. நெடுநெடுவென்று உயரம். சால்வை போர்த்திய விருந்தாளிகளைப் பார்த்துச் சலித்த கண்கள். வியாழக்கிழமை மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே, “கேளுங்க தம்பி. எனக்கு இருபது நிமிசம்தான்” என்றார்.

“நீங்க எந்தப் பக்கம் பாக்கிறீங்கன்னு காட்ட முடியுமா டீச்சர்?”

அவர் யோசித்தார். பிறகு திரையின் இடது கீழ் மூலையில் விரலை ஊன்றி ஐந்து எண்ணினார். கறுப்புப் பக்கம் ஒன்று திறந்தது. வெள்ளைக் கோடுகள். பொத்தான் இல்லை, தலைப்பு இல்லை, ஒரு இழவும் இல்லை.

அது இளம்பரிதியே செய்த பக்கம். நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதம், பேனா எழுதுவதற்கும் எழுத்து தெரிவதற்கும் இடையே தாமதம் இருக்கிறதா என்று சோதிக்க அவசரமாகக் கட்டியது. சிலேட்டில் எழுதுவது எழுதுகிறபடியே அதில் ஓடும். வேண்டுமென்றால் திரும்பவும் ஓட்டிப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டான். பத்து வருடமாக அது எல்லா டேப்லெட்டுகளிலும் மூலையில் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எங்க கண்டுபிடிச்சேன். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அந்த மூலையில வெச்சேன். தொறந்துக்கிட்டு.” டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார். “மத்த பக்கமெல்லாம் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜிகினாவா இருக்கு. இதைச் செஞ்ச ஆளு மட்டும் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல பாருங்க. யாரோ நல்ல மனுசன்.”

பத்து வருடத்தில் அவனுடைய வேலைக்குக் கிடைத்த முதல் உண்மையான பாராட்டு. வாயைத் திறந்து உரிமை கொண்டாட முடியாத இடத்தில் வந்து விழுந்தது.

“இதுல என்ன தெரியும்?”

“இங்க பாருங்க. யோகஸ்ரீ. உங்க மிஷின் அவளைச் சிவப்புன்னு சொல்லுது. ‘அடிப்படைக் கருத்தாக்கக் குறைபாடு’ன்னு பட்டம் வேற கட்டியிருக்கு. காரணிப்படுத்துற கணக்கு. ஓட்டுதேன், பாருங்க.”

வெள்ளைக் கோடுகள் நகர்ந்தன. மூன்று வரிகள், தயக்கமே இல்லாமல். விடை சரி. பேனா நின்றது. பிறகு கடைசி வரி அழிந்தது. அதே வரி திரும்ப எழுதப்பட்டது, ஒரே ஒரு மைனஸ் மட்டும் பிளஸ்ஸாக மாறி.

“கணக்கு தெரியாத பிள்ளை தப்புப் பண்ணினா தாறுமாறா இருக்கும் தம்பி. இது தப்பை அளவெடுத்துத் தைச்சிருக்கு.”

“எதுக்கு?”

“சரியாப் போட்டா பச்சையாவா. பச்சையானா உங்க மிஷின் தானா ஸ்டார் பேட்சுல சேத்துரும். ஸ்டார் பேட்சுக்குச் சாயங்காலம் ஆறரை வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ். அவ ஊருக்குக் கடைசி பஸ்ஸு அஞ்சு பத்து. மஞ்சள்ல நிக்கணும்னு பாத்தா. கொஞ்சம் ஓவராத் தைச்சுட்டா, சிவப்புல போய் விழுந்துட்டு.”

இளம்பரிதி அந்தச் சின்ன பிளஸ் குறியையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்நூறு பேர் சேர்ந்து கட்டிய ஓர் இயந்திரத்தைப் பதினாலு வயதுப் பெண் ஒரு கோட்டில் ஏமாற்றிவிட்டு பஸ் பிடித்துப் போயிருக்கிறாள்.

“ஹெட்மாஸ்டர்ட்ட சொல்ல வேண்டியதுதானே டீச்சர்?”

“சொன்னேனே. ‘டாஷ்போர்டுல பஸ்ஸுக்கு இடமில்லையே டீச்சர்’ன்னாரு. நான் சொன்னா அது என் வாய்ப்பேச்சு. திரையில வந்தாத்தான் அது தகவல்.” அடுத்த பெயரைத் தொட்டார். “இவன் லிங்கேஷ். இவனும் சரியாப் போட்டு அழிக்கான். கலர் வாரியா உக்கார வைக்கணும்னு உங்க கம்பெனிதானே சொல்லிச்சு? இவன் கூட்டாளி ஹரிபாலன் சிவப்பு. பச்சையானா பெஞ்சு மாறிரும். அதான். ஹரிபாலன் உள்ளபடிக்கே கணக்குல கொஞ்சம் மந்தம். ஆனா லிங்கேஷ் பக்கத்துல இருந்தா போட்டுருவான். நாலாவது ஜெனிலியா. அவ எதையும் அழிக்கிறதில்ல. கணக்கு போடாம என் படத்தை வரைவா.” ஓட்டிக் காட்டினார். உயரமான உருவம், கையில் அடிஸ்கேல், மூக்குக்குக் கீழே மீசை. “மூக்கு நல்லா வந்திருக்கு, இல்ல?”

இளம்பரிதி எழுந்தே விட்டான். “டீச்சர், இதை முதல் பக்கத்துல போடுறேன். அறுபத்திரண்டையும் தூக்கிட்டு இது ஒண்ணு போதும். எல்லா டீச்சரும் பாக்கட்டும். தாளாளரும் பாக்கட்டும். நாளைக்கு லிஸ்ட்டே இருக்காது.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“உக்காருங்க. முதல் பக்கத்துல போடுவீக. உங்க முதலாளி பாப்பாரு. என்ன செய்வாரு?”

அவன் உட்கார்ந்தான். நிரஞ்சன் என்ன செய்வார் என்பது அவனுக்குத் தெரியும். ‘தயக்கக் குறியீடு’ என்று பெயர் வைப்பார். அறுபத்து மூன்றாவது வரைபடம் பிறக்கும். அழித்த விடைக்கும் நிறம் வரும்.

“பிள்ளைகளுக்கு ஒரே நாள்ல தெரிஞ்சுபோகும்” என்றார் டீச்சர். “அப்புறம் அழிக்கவே மாட்டாக. தப்பை மனசுக்குள்ளயே தைச்சு, முழுசா முடிச்சு, சிலேட்டுல எழுதுவாக. அப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

அவனுக்குச் சட்டென்று உறுத்தியது. “ஆனா இப்ப நீங்க பாக்கிறீங்களே டீச்சர். யாரும் பாக்கலைன்னு நெனச்சுதானே அழிக்கிறாங்க? இது எட்டிப் பாக்கிறது இல்லையா?”

சண்முகவடிவு டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டது தெரிந்தது.

“தப்புதான்னு எழுதிக்கங்க” என்றார். மணி அடித்தது. போய்விட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இளம்பரிதி பஸ் நிறுத்தத்தில் நின்றான். ஓடைக்குளம் என்று பலகை போட்ட பஸ் புகையோடு வந்தது. இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி முதல் ஆளாய் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து கொய்யாக்காயை எடுத்துக் கடித்தாள்.

“நீ யோகஸ்ரீதானே? இதை விட்டா அடுத்த பஸ் எத்தனை மணிக்கும்மா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கேள்வி சுலபமாக இருந்ததால் சந்தேகப்பட்டாள் போலிருந்தது.

“காலைல ஆறே முக்காலுக்கு சார்.”

பஸ் ஐந்து எட்டுக்கே கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் கூட்டம். சுவரை அடைத்த தொடுதிரையில் நிரஞ்சன் பெரிதாகத் தெரிந்தார். அவருக்குப் பின்னால் செயற்கை அருவி ஓடிக்கொண்டிருந்தது. பால்துரை நாலு பெயர் கொண்ட பட்டியலைக் கையிலேயே வைத்திருந்தார். ஓரத்தில் சண்முகவடிவு டீச்சர், கை கட்டி.

இளம்பரிதி முந்தின நாள் சாயங்காலம் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து முடிவுக்கு வந்திருந்தான். உண்மையைச் சொன்னால் கறுப்புப் பக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் யோகஸ்ரீ போய்விடுவாள். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, நிரஞ்சனிடம் நிரஞ்சனின் மொழியில் பேசுவது. பத்து வருடம் கேட்டுக் கேட்டு அது அவனுக்கு மனப்பாடம்.

“சார், நம்மிடம் எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை” என்று தொடங்கினான். “மனித உறுதிப்பாட்டு அடுக்கு.”

நிரஞ்சன் அருவியிலிருந்து முன்னால் வந்தார். “அடுக்கு… சொல்லு, சொல்லு.”

புதிய டாஷ்போர்டைச் சுவரில் போட்டான். ஒரே திரை. ஒரு பிள்ளையின் பெயர். அதன் கீழே வெறும் கட்டம். கட்டத்துக்கு மேலே ஒரு வரி: ‘இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது? உங்கள் சொந்த வார்த்தையில் எழுதவும்.’

“கலர் எங்க சார்?” என்றார் பால்துரை.

“ஆசிரியர் காரணம் எழுதின பிறகுதான் கலர் வரும். காரணம் இல்லாத பிள்ளைக்கு நிறம் கிடையாது. எழுதினதும் அந்தக் காரணம் நிறத்துக்கு மேலேயே நிற்கும். அழிக்க முடியாது. தாளாளர் பார்த்தாலும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.”

“நிறமில்லாத பிள்ளையைத் துல்லியத்தில் எப்படிச் சேர்ப்பது?” என்றார் நிரஞ்சன்.

“சேர்க்கவே வேண்டாம் சார். கணிக்காத கணிப்பு எப்படிப் பிசகும்?”

நிரஞ்சனின் உதடுகள் கணக்குப் போட்டன. பிழைகள் எல்லாம் வகுக்கும் எண்ணோடு சேர்ந்து காணாமல் போவதை அவர் கண்ணாரக் கண்டார்.

“தொண்ணூற்றேழு வரும்” என்றார் மெதுவாக.

“தொண்ணூற்றெட்டே வரலாம் சார்.”

“இளம்பரிதி, இது ஏழாவது புலன்.” அவர் யாரிடமோ திரும்பி அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு நினைவு வந்து, “ஒன்பது பி என்ன ஆயிற்று? என்ன கோளாறு?” என்றார்.

இளம்பரிதி டீச்சர் பக்கம் பார்க்கவில்லை. “அந்த வகுப்பில் டீச்சர் பிள்ளைகளைக் கவனிக்கிறார் சார். கவனித்து, அதற்கேற்ப ஏதாவது செய்கிறார்.”

“எந்த வசதியைப் பயன்படுத்தி?”

“வசதி எதுவும் இல்லை சார். அவரே.”

நிரஞ்சன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “ச்சே. அதை ஆயிரம் பள்ளிகளுக்கு விரிவாக்க முடியாதே” என்று சொல்லிவிட்டு அருவியோடு மறைந்தார்.

பால்துரை பட்டியலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அப்ப இன்னைக்கு லிஸ்ட்டு?”

“இனிமே காரணம் இல்லாம நிறம் செல்லாது சார். டீச்சர், நாலு பேருக்கும் எழுதிடுறீங்களா?”

சண்முகவடிவு டீச்சர் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். யோகஸ்ரீயின் கட்டத்தில் எழுதினார்: ‘கடைசி பஸ் 5.10. அதற்காக வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாள். கணக்கு நன்றாக வரும்.’ நாலு நாளைக்கு முன்னால் அவர் இதே அறையில் வாயால் சொன்ன அதே வாக்கியங்கள். இப்போது நீலக் கட்டத்துக்குள், பெரிய எழுத்தில், சுவர் அகலத்துக்கு நின்றன.

பால்துரை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“அடடே” என்றார். “இது முக்கியமான தகவலா இருக்கே. இதை ஏன் முன்னாடியே சொல்லல டீச்சர்?”

இளம்பரிதி அவரைப் பார்த்த வேகத்தில் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். இல்லையென்றால் இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

“ஸ்பெஷல் கிளாஸை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாம் சார்” என்றார் டீச்சர். “பெஞ்சையும் கலர் பாத்துப் போட வேண்டாம்.”

“தாளாளர்ட்ட இதை அப்படியே காட்டுதேன். திரையில இருக்கில்ல, நம்புவாரு.” பால்துரை பட்டியலை மடித்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் ஆசிரியர் அறையில் செந்தூர்பாண்டி, இளம்பரிதி சோதனைக்கு முன்கூட்டியே போட்டுத் தந்த புதிய திரையின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விசிறியை அந்தக் கோணத்தில் வைத்தார், இந்தக் கோணத்தில் வைத்தார். கைக்குட்டையால் காரணம் எழுத முடியவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பக்கம் நடந்தார். “எவம்லே அது மாதேஷு? இங்க வா. நீ ஏன் கட்டுரையே எழுத மாட்டேங்க?” என்று வராந்தாவில் அவர் குரல் கேட்டது.

மாதேஷ் என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை. ஆனால் செந்தூர்பாண்டி திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று.

இளம்பரிதிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. திங்கட்கிழமை புதிய பதிப்பு வரும்போது, செயலியின் பக்கப் பட்டியலில் பெயர் இல்லாத பழைய பக்கங்களையெல்லாம் அது துடைத்துவிடும். கறுப்புப் பக்கமும் போகும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு பெயர் வைக்க வேண்டும், நிறுவனத்தில் எவனும் திறந்து பார்க்க நினைக்காத பெயர். டீச்சரின் டேப்லெட்டை இரவல் வாங்கிக்கொண்டு, ஒன்பது பி வகுப்புக்கு வெளியே வராந்தா கட்டையில் உட்கார்ந்தான். உள்ளே கடைசிப் பீரியட், கணக்கு.

நன்றாக யோசித்து, ‘பழைய பிரிண்டர் அமைப்புகள்’ என்று பெயரிட்டான். பொறியாளர்களை அவனுக்குத் தெரியும். பிரிண்டர் என்ற சொல்லைக் கண்டால் அடுத்த தெருவுக்கு ஓடுவார்கள். அழித்த கோடுகள் நிறுவனத்தின் கணினிக்குப் போகும் வழியையும் அடைத்தான். இனி அவை இந்த டேப்லெட்டைத் தாண்டாது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மூலையில் விரலை ஊன்றி ஐந்து எண்ணினான்.

முப்பத்தாறு சிலேட்டுகள் திரையில் ஓடின. எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகஸ்ரீயின் சிலேட்டில் மூன்று வரி வந்தது. பேனா நின்றது. விடைக்குக் கீழே, மெல்லிய எழுத்தில் வேறொன்று வந்தது:

‘டீச்சர், ஸ்பெஷல் கிளாஸ் மத்தியானம்னு சொல்லிக்கிறாக. நெசமா? அப்ப இனிமே சரியாவே போடலாமா?’

இரண்டு நொடி நின்றது. அழிந்தது.

இளம்பரிதி பக்கத்துச் சிலேட்டுகளைப் பார்த்தான். கணக்குக்குக் கீழே ஒவ்வொன்றிலும் ஏதோ முளைத்து அழிந்துகொண்டிருந்தது. ‘டீச்சர் ரெண்டாவது வரி புரியல, எல்லாரு முன்னாடியும் கேக்காதீங்க.’ அழிந்தது. ‘அம்மாவுக்கு இன்னைக்கு ஊசி, அதான் தூக்கமா இருக்கு.’ அழிந்தது. ‘இந்தச் சேலை நல்லா இருக்கு டீச்சர்.’ அழிந்தது. மீசையோடு ஒரு டீச்சர். அதன் கீழே, ‘மூக்கு சரியா?’

அவர்களுக்குத் தெரியும். ஒரு நாளில் தெரிந்துபோகும் என்று டீச்சர் சொன்னாரே, அது ஊகமல்ல. என்றைக்கோ தெரிந்திருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதி, அவர் பார்க்கும் அளவுக்கு வைத்திருந்து, அழிக்கிறார்கள். நேற்று அவன் எட்டிப் பார்ப்பதாகக் குற்றம் சொன்னபோது, இதைச் சொல்லியே அவர் தப்பித்திருக்கலாம். பிள்ளைகளின் ரகசியத்தைச் சொல்வதைவிடத் தான் தப்புக்காரியாகவே இருந்துவிட்டுப் போவது மேல் என்று டப்பாவை மூடிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போது லிங்கேஷின் சிலேட்டில் அவசர எழுத்து ஒன்று ஓடியது: ‘டீச்சர் கையில டேப்லெட்டு இல்ல. வெளிய அந்த சாருட்ட இருக்கு.’

அழிந்தது. உள்ளே பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு, முழங்கைகள் முழங்கைகளை இடிக்கும் சத்தம். பத்து நொடியில் முப்பத்தாறு சிலேட்டுகளிலும் கணக்கு மட்டும் நின்றது. சுத்தமான, மரியாதையான கணக்கு. இளம்பரிதி நிமிர்ந்தபோது ஜன்னல் வழியே முப்பத்தாறு பேரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் திரையைத் தன் மார்போடு கவிழ்த்துக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று டீச்சரைக் கூப்பிட்டு டேப்லெட்டைக் கொடுத்தான்.

“முடிஞ்சது டீச்சர். திங்கக்கிழமைக்கு அப்புறமும் இருக்கும். வேற யாருக்கும் போகாது.” தயங்கினான். “உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கு. நான் பாத்திருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

சண்முகவடிவு டீச்சர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார், ஓட்டினார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை. கரும்பலகையைத் துடைத்தபடி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்:

“திங்கக்கிழமையில இருந்து ஸ்பெஷல் கிளாஸ் மத்தியானம். பஸ்ஸு தவறாது. அதனால எல்லாரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்சபடிக்கே போடுங்க. என்ன?”

“சரி டீச்சர்” என்றது வகுப்பு. அடுத்த கணக்கை எழுதினார். பேனாக்கள் சிலேட்டில் உரசும் சத்தம் எழுந்தது.

இளம்பரிதி வராந்தாவிலேயே நின்றான். திரை இப்போது அவனிடம் இல்லை. இரண்டாம் வரிசை ஓரத்தில் இரட்டைச் சடை ஒன்று குனிந்திருந்தது. பேனா ஓடி நின்றது. அழித்தாளா, அப்படியே விட்டாளா, கை மறைத்துக்கொண்டது.

பீரியட் முடிந்து மணி அடித்தது. டீச்சர் வெளியே வந்தார். “என்ன தம்பி, இன்னும் போகலையா?”

“இல்ல டீச்சர்… கடைசிக் கணக்கை அவ சரியாப் போட்டாளா?”

“அதை என்கிட்ட ஏன் கேக்கீக? அந்தா போறா. அவகிட்டயே கேளுங்க.”

யோகஸ்ரீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். முதன்மை அனுபவச் சிற்பி இரண்டு அடி எடுத்து வைத்தான். என்னவென்று ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏம்மா…” என்றான்.

அவள் திரும்பினாள்.